வெறிச்சோடிய வீதி!

போட்டோ பொய் சொல்லுமா? சொல்லாது என்பார்கள். ஆனால், போட்டோக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான டாகேர் எடுத்த படமே உள்ளதை மறைத்தது!

லூயி டாகேர் பிரான்சு நாட்டுக்காரர். 1787-ல் பிறந்தார். நாடகத்துக்குத் திரை எழுதிப் பிழைத்தார். 1829-ல் நீப்ஸ் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து, ஒளியால் படம் பிடிக்கப் பாடுபட்டார். 1833-ல் நீப்ஸ் இறந்தார். டாகேர் சோர்ந்துவிடவில்லை. வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகட்டில் படம் பதியச் செய்தார்.

1838-ல் பாரிசில் சந்தடி மிகுந்த ஒரு வீதியைப் படம் பிடித்தார். படத்திலோ வண்டி இல்லை, கூட்டம் இல்லை! படம் பதியப் பல நிமிடம் ஆயிற்று. அதற்குள் நகர்ந்து போனவர்கள் மறைந்தார்கள். பூட்சுக்குப் பாலிஷ் போட நின்றவர் நிலைத்தார்!

1839-ல் பிரெஞ்சு அரசாங்கம் அவருக்கு உபகாரச் சம்பளம் அளித்து, அந்த வித்தையை வெளியிட்டது. 1851-ல் டாகேர் காலமானார்.

படத்தில் இருப்பது மெய்தான். இல்லாததும் அங்கே இருந்திருக்கலாம்!