செவிக்குள் வாழும் கோர்ட்டி

வட இத்தாலியில் பாவியா நகருக்கு அண்மையிலுள்ள கம்பரானா என்னும் சிற்றூரில், 1822ஆம் ஆண்டு, பிரபுக் குடும்பமொன்றில் தோன்றியவர் அல்ஃபோன்சோ கோர்ட்டி. பாவியாவில் மருத்துவம் பயின்றவர், வியன்னா சென்று உடற்கூற்றியல் பேராசிரியர் ஹிர்ட்டலின் மாணவரானார்; 1847இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே மூண்ட புரட்சி அவரை அந்நகரினின்று அகற்றியது. பின்னர் ஜெர்மானிய நகரான வூர்ட்ஸ்பர்க்கில் பேராசிரியர் கோலிக்கரின் ஆய்வுக்கூடம் அவருக்கு இடமளித்தது.

உட்செவியின் நத்தைச் சுருள் பட்டாணியளவே உடையது. உடலின் மிகக் கடினமான எலும்புக்குள் பொதிந்து கிடப்பது. உயிர் பிரிந்ததும் அதன் மென்திசு விரைந்து குலைந்துவிடும். அத்தகைய சுருள்கள் ஏறத்தாழ 200ஐ அவர் பிளந்து, கார்மைன் சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்தார். 1851இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த அவரது கட்டுரை, ஒலியை உணரும் உறுப்பை உலகுக்குக் காட்டிற்று. சுருளின் பக்கச்சுவரில் குருதிநாளங்கள் செறிந்த பட்டையொன்றையும் அதில் அவர் விவரித்தார். அப்போது அவருக்கு அகவை இருபத்தொன்பதுதான்!

அப்பட்டையின் அருமை விளங்க நூறாண்டு கடந்தது. நத்தைச் சுருளுக்குள் இருவகை நீர்மங்கள் உள. ஒன்று சோடியம் மிக்கது. மற்றொன்று, அப்பட்டை சுரக்கும் பொட்டாசியம் மிக்கது. இரண்டுக்குமிடையே ஏறத்தாழ 80 மில்லிவோல்ட் மின்னழுத்தம் நிலவுகிறது. கேள்விப்புலனுக்கு ஆற்றல் அதுவே. இவ்விரு நீர்மங்களும் கலவாமல் காப்பன, அடுத்தடுத்த உயிரணுக்களின் மேல்விளிம்புகளைப் பிணைக்கும் இறுக்கச் சந்திகள். பாய் முடைவோர் கோரைகளை நெருக்கி இழுப்பதுபோல், கிளாடின் என்னும் புரதங்கள் அண்டையணுக்களை நெருக்கித் தைக்கின்றன. பட்டையிலுள்ள தையல் நெகிழ்ந்தால் மின்னழுத்தம் வீழும். கோர்ட்டி உறுப்பிலுள்ள தையல் பழுதுபட்டால், பொட்டாசியம் கசிந்து மயிரணுக்களின் உடற்பகுதியைச் சூழ, அவை மடிகின்றன என அறிஞர் கருதுவர். கிளாடின்-14 மரபணுப் பிழையால் பிறவியிலேயே செவித்திறன் இழந்த பாகிஸ்தானியக் குடும்பங்கள் 2001இல் ஆராயப்பட்டன. கோர்ட்டியின் நுண்ணோக்கிக்கு இச்சந்திகள் எட்டியிருக்க இயலாது. மின்னணு நுண்ணோக்கியே அவற்றைத் தெளிவுறக் காட்டியது.

தந்தையின் மறைவுக்குப்பின் பட்டமும் நிலபுலன்களும் அவர் தோளில் ஏறின. ஆய்வு மெல்ல நழுவியது. 1855இல் மணம் புரிந்தார். 1861இல் மனைவி மறைந்தார். மூட்டுவாதம் உடலை முடக்கியது. நுண்ணிய திசுவைப் பிரித்தெடுத்த விரல்களுக்கா இந்நிலை என்று எண்ணுந்தோறும் நெஞ்சு கனக்கிறது. அறிவியலுக்கு அவர் விலகல் இழப்பே. எனினும், தாயற்ற பிள்ளைகளைப் பேணிய தந்தையைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

1876 அக்டோபர் 2ஆம் நாள் அவர் காலமானார். அவர் கண்ட உறுப்புக்கு அவர் பெயரையே சூட்டியவர் கோலிக்கர்.