கழட்டி மாட்டியவர்: ஜி.டி. நாயுடு

முதல்ல ஒரு கேள்வி. இந்த நாலு வருஷத்துல ஒரு எஞ்சினை முழுசா கழட்டி, திரும்ப மாட்டி, அதை ஓட வெச்சிருக்கீங்களா? லேப்ல பாதியா வெட்டி பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கிற மாடலைக் கணக்குல சேர்க்காதீங்க.

நான் செஞ்சதில்லை. மெக்கானிக்கல், கடைசி வருஷம். கையில ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி ஆஃபர்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாத்தாவோட பழைய கார்ல ஸ்ரீரங்கம் கிளம்பினோம். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் தாண்டும்போதே எஞ்சின் மிஸ் அடிக்க ஆரம்பிச்சது. காவிரிப் பாலத்து நடுவுல நின்னே போச்சு. பின்னாடி ஒண்ணாம் நம்பர் பஸ் விடாம ஹாரன் அடிக்க, மாம்பழச்சாலை வரை தள்ளிக்கிட்டே போனோம். அங்கே ஒரு மெக்கானிக், அறுபது வயசு இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தார். உள்ளே கான்டாக்ட் பாயிண்ட் கருகி, இடைவெளி கிட்டத்தட்ட மூடியே போயிருந்தது. வருஷக்கணக்கா நாங்க யாரும் திறந்தே பார்க்கலை. உப்புத்தாளால தேய்ச்சு, கேஜ் வெச்சு இடைவெளியைச் சரி பண்ணினார். பதினஞ்சு நிமிஷத்துல வண்டி கிளம்பிடுச்சு.

என்ன படிக்கிறேன்னு கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. கோயம்புத்தூர்ல ஜி.டி. நாயுடுன்னு ஒருத்தர் இருந்தாரே, தெரியுமான்னு மட்டும் கேட்டார். அவினாசி ரோட்டு மேம்பாலத்துக்கு அவர் பேர் வெச்சிருக்காங்கங்கிறதைத் தாண்டி எனக்கு எதுவும் தெரியலை. அதுக்கப்புறம்தான் தேடிப் படிச்சேன். நீங்களும் தெரிஞ்சுக்கணும்னு எழுதுறேன்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை, சீக்கிரமே நின்றுவிட்டார். ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிள் கண்ணில் பட்டது. அப்படி ஒரு வண்டி தனக்கும் வேண்டும் என்று முடிவு செய்து, கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்தார். கடைசியில் 1912 மாடல் ரட்ஜ் வண்டி ஒன்று அவர் கைக்கு வந்தது. நாமா இருந்தா முதல்ல ஊரைச் சுத்தியிருப்போம். அவர் அதைக் கழட்டினார். திரும்ப மாட்டினார். இப்படித்தான் அவர் மெக்கானிக் ஆனார்.

இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க. அந்தக் கால ரட்ஜ், ஒற்றை சிலிண்டர், 499 சிசி. பேட்டரியை நம்பாமல் மேக்னெட்டோவே மின்சாரம் உண்டாக்கி ஸ்பார்க் கொடுக்கும். அந்த ஸ்பார்க் எப்போ வரணும்ங்கிறதுலதான் எல்லாமே இருக்கு. தெர்மோடைனமிக்ஸ் பேப்பர்ல ஓட்டோ சைக்கிள் வரைஞ்சு பதிமூணு மார்க் வாங்கினோமே, ஞாபகம் இருக்கா? அந்தப் படத்துல பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் வெப்பம் மொத்தமும் ஒரே நொடியில சேர்ந்துடும். நிஜ எஞ்சின்ல பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை எரிந்து முடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அதனால பிஸ்டன் உச்சியைத் தொடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே ஸ்பார்க் வரணும். லேட்டா வந்தா எஞ்சின் சூடாகும், இழுக்காது. ரொம்ப சீக்கிரம் வந்தா பிஸ்டனையே திருப்பி அடிக்கும். மாட்டும்போது மேக்னெட்டோ கியரை ஒரு பல் தள்ளி மாட்டினாலே போதும், வண்டி ஒழுங்கா ஓடாது. எங்க கார்ல பிரச்சனை பண்ணின பாயிண்ட் இடைவெளியும் இதே கதைதான். சுமார் 0.4 மில்லிமீட்டர் இருக்கணும். அது மாறினா ஸ்பார்க் வர்ற நேரமும் மாறும், பலமும் குறையும்.

அவருக்கு எல்லாமே ஒரேயடியாக ஜெயிக்கவில்லை. பம்பாய் போய்ப் பருத்தி வியாபாரம் செய்து நஷ்டப்பட்டார். திரும்பி வந்து மறுபடியும் வண்டிகளிடமே போனார். ராபர்ட் ஸ்டேன்ஸ் பண உதவி செய்ய, 1920-இல் ஒரே ஒரு பஸ் வாங்கி பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஓடவிட்டார். அதுதான் வளர்ந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ். என்று ஆனது. அன்றைக்கு உதிரிபாகம் வேண்டுமென்றால் கப்பலில் வரவேண்டும். மண் ரோட்டுத் தூசி கார்புரேட்டருக்குள் போகும், பிளக்கில் கரி படியும், ரேடியேட்டர் கொதிக்கும். தினமும் பார்த்துப் பார்த்துப் பராமரித்தால்தான் பஸ் நேரத்துக்குக் கிளம்பும். சில ஆண்டுகளிலேயே நாட்டின் சிறந்த பஸ் நிறுவனங்களில் ஒன்றாக யு.எம்.எஸ். பேசப்பட்டது.

அங்கிருந்து மற்ற எந்திரங்களுக்குப் போனார். பேட்டரியில் ஓடும் ரசான்ட் என்ற சவர ரேசர், மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, ஓட்டுப் பதிவு எந்திரம் என்று பட்டியல் நீளும். 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து பீளமேட்டில் மின்மோட்டார் தயாரித்தார். இந்தியாவிலேயே செய்த முதல் மோட்டார் என்று அதைச் சொல்கிறார்கள். இன்றைக்குக் கோவை பம்புக்கும் மோட்டாருக்கும் பேர்போன ஊராக இருப்பதில் அவருக்கும் பங்கு உண்டு.

இனிமேல் வர்றதுதான் நமக்கான பகுதி. 1945-இல் அவர் முயற்சியால் கோவையில் ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரி தொடங்கியது. இன்றைய ஜி.சி.டி. அதுதான். பள்ளிப்படிப்பை முடிக்காதவர் அந்தக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தார். பொறியியலுக்கு நாலு வருஷம் வீண், ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தால் இரண்டே வருஷம் போதும் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பதவியை விட்டுவிட்டார்.

1952-இல் இரண்டு பேர் போகக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றை 2,000 ரூபாய் விலையில் கொண்டுவந்தார். அரசு உரிமம் தரவில்லை, தயாரிப்பு நின்றுபோனது. 1974 ஜனவரி 4 அன்று காலமானார்.

நாலு வருஷம் வீண் என்பதை நான் முழுசா ஒத்துக்கலை. மாம்பழச்சாலை மெக்கானிக்குக் காதை வெச்சே டைமிங் வைக்கத் தெரியும். ஏன் அப்படி வைக்கணும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தது வகுப்புதான். ஆனா அந்தப் பாடம் எனக்கு உண்மையாவே புரிஞ்சது, பாலத்துல வண்டி நின்ன அன்னைக்குத்தான். ஆறு செமஸ்டர் முன்னாடியே யாராவது என் கையில ஒரு ஸ்பேனரைக் கொடுத்திருக்கலாம். கொடுக்கலைன்னா நானே போய் வாங்கியிருக்கலாம். நாயுடுவுக்கு யாரும் கொடுக்கலை.

ஆஃபரை நான் விடப்போறதில்லை. வீட்டு நிலைமை அப்படி. ஆனா வேலையில சேர்றதுக்குள்ள தாத்தா கார் எஞ்சினை ஒரு தடவை முழுசா இறக்கி ஏத்தணும். மெக்கானிக் சரின்னு சொல்லிட்டார், சனிக்கிழமை காலையில வரச் சொல்லியிருக்கார். முதல் வாரம் நாலு பிளக்கையும் கழட்டித் துடைச்சேன். ஒண்ணு மட்டும் கன்னங்கரேல்னு இருந்தது. ஏன்னு அவர் சொல்லலை, என்னையே கண்டுபிடிக்கச் சொன்னார்.

கோவைப் பக்கம் போனா அவினாசி ரோட்டுல இருக்கிற ஜீடி கார் மியூசியத்தைப் பாருங்க. அதுவரைக்கும் வீட்டுல ஓடாம ஒரு வண்டி கிடந்தா, மூடியையாவது திறந்து பாருங்க.