லிங்கனின் அறைத்தோழர்

தமிழ்ப்பள்ளியில் படித்த நாளில் ஆபிரகாம் லிங்கன் நமக்கு அறிமுகமானது, மரக்குடிசையில் பிறந்து அமெரிக்க அதிபரான ஏழைச் சிறுவனாகத்தான். அடிமைகளை விடுவித்தவர் என்று மனனம் செய்து பேச்சுப் போட்டியிலும் ஒப்புவித்தோம். அதே லிங்கனின் அறையிலிருந்து நண்பர்கள் சவரக் கத்தியை எடுத்து ஒளித்து வைத்த கதையை யாரும் சொல்லித் தரவில்லை. நான் அதைப் படித்தது பல்கலைக்கழகம் வந்த பிறகு, விடுதியில் எனக்கே தூக்கம் வராத ஒரு பருவத்தில்.

1809-இல் கெந்தக்கியில் பிறந்த லிங்கன், ஒன்பது வயதில் தாயை இழந்தார். 1828-இல் அக்காள் பிரசவத்தில் இறந்தார். 1835-இல் ஆன் ரட்லெட்ஜ் என்ற பெண் காய்ச்சலில் இறந்தபோது, நியூ சேலம் ஊரார் அவரைத் தனியே விட அஞ்சினார்கள். போலிங் கிரீன் தம்பதியர் தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டனர்.

1837 ஏப்ரலில் வழக்கறிஞர் தொழில் செய்ய ஸ்பிரிங்ஃபீல்டு நகருக்கு வந்தார். ஜோஷுவா ஸ்பீட் என்பவரின் கடையில் படுக்கைக்கு விலை கேட்டார். 17 டாலர். கையில் அவ்வளவு இல்லை. கிறிஸ்துமஸ் வரை கடன் கேட்டார். அத்தனை சோகமான முகத்தைத் தாம் கண்டதே இல்லை என்று ஸ்பீட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். கடனே வேண்டாம், மாடியில் தம் கட்டில் பெரியது, பங்கிட்டுக் கொள்ளலாம் என்றார். லிங்கன் பைகளை மாடியில் வைத்துவிட்டு இறங்கி வந்தார். குடியேறியாயிற்று!

1841 ஜனவரியில் மேரி டாட் உடனான திருமண ஏற்பாடு முறிந்தது. ஸ்பீடும் கடையை விற்றுவிட்டுச் சொந்த மாநிலம் திரும்ப இருந்தார். லிங்கன் நொறுங்கிப் போனார். சில நாள் சட்டமன்றத்திற்கும் போகவில்லை. கத்தி ஒளிக்கப்பட்டது அப்போதுதான். எனக்கு வியப்பு என்னவென்றால், அவர் தம் நிலையை மறைக்கவில்லை. தொழில் கூட்டாளியும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஜான் ஸ்டூவர்ட்டுக்குக் கடிதம் எழுதி, மருத்துவர் ஹென்றிக்கு அவ்வூர் அஞ்சல் அதிகாரி பதவியை வாங்கித் தரும்படி கேட்டார். பதவி கிடைத்தால் ஹென்றி ஊரைவிட்டுப் போகமாட்டார்; அவர் அருகில் இல்லாமல் தம்மால் உயிர்வாழ முடியாது என்பதே காரணம்! நம்மில் யார் இப்படிக் கேட்போம்? நான் ஒன்றுமில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டேன். என் அறைத்தோழன் மைலோ கலக்கி வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து தன் இடுபணியைச் செய்துகொண்டிருந்தான்.

அவ்வாண்டு கோடையில் லூயிவில் அருகே ஸ்பீடின் வீட்டில் லிங்கன் சில வாரங்கள் தங்கினார். ஸ்பீடின் தாயார் பரிவோடு கவனித்துக்கொண்டார். பிறகு நிலைமை தலைகீழானது. திருமணம் நிச்சயமான ஸ்பீடை அச்சமும் கலக்கமும் பிடித்துக்கொள்ள, இப்போது லிங்கன் கடிதத்திற்கு மேல் கடிதம் எழுதித் தேற்றினார். 1842 பிப்ரவரியில் ஸ்பீடின் திருமணம் நடந்தது. நவம்பரில் லிங்கன் மேரியையே மணந்தார். சோகம் மட்டும் அவரை முழுதாக விட்டுப் போகவில்லை.

ஸ்பீடின் குடும்பம் அடிமைகளை வைத்திருந்த குடும்பம். அதைப் பற்றி நண்பர்கள் இருவருக்கும் கடுமையான கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் நட்பு அறுபடவில்லை. 1841-இல், தேறி எழாவிட்டால் செத்துப்போவாய் என்று ஸ்பீட் எச்சரித்தாராம். சாவுக்கு அஞ்சவில்லை, தாம் வாழ்ந்ததை மனிதர்கள் நினைக்கும்படி ஒன்றும் செய்யவில்லையே என்று லிங்கன் வருந்தினாராம். 1863 ஜனவரி 1-ஆம் நாள் அடிமை விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அதன் பிறகு ஸ்பீடைச் சந்தித்தபோது அந்தப் பழைய பேச்சை அவரே நினைவுபடுத்தி, அந்த ஆசை இனி நிறைவேறும் என்று நம்புவதாகச் சொன்னார்.