புயலிரவுகளைக் கடந்த இப்னு பதூதாவும் நமது கரையும்

மார்க்கோ போலோவின் பெயரை அறிந்த அளவுக்கு இப்னு பதூதாவின் பெயரை நமது மாணவர்கள் அறிந்திருக்கிறார்களா என்பது ஐயத்திற்குரியதே. பதினான்காம் நூற்றாண்டில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆபிரிக்கா, ஆசியா, ஐரோப்பா ஆகிய மூன்று கண்டங்களிலும் அலைந்து, சுமார் 1,17,000 கிலோமீற்றர் தூரத்தைக் கடந்தவர் எனக் கணிக்கப்படும் மொரோக்கோ நாட்டு மார்க்க அறிஞர் அவர். மன்னார்க் குடாவின் கரையோரங்களில் வாழும் தமிழரும் முஸ்லிம்களும் அவரை அறிந்திருக்க வேண்டியதற்குத் தனியான காரணம் ஒன்றுண்டு. அவர் நமது மலையில் மூன்று நாட்கள் தங்கினார். நமது கடலில் ஓர் இரவு முழுவதும் உயிருக்குப் போராடினார். இரு தடவையும் அவருக்கு உதவியவர்கள் அவரது மொழியையோ மார்க்கத்தையோ சேர்ந்தவர்கள் அல்லர்.

1304ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் மொரோக்கோவின் தஞ்சா நகரில், காழிகளாகப் பணிபுரிந்த குடும்பமொன்றில் இப்னு பதூதா பிறந்தார். 1325 ஜூன் 14ஆம் நாள், இருபத்தொரு வயது இளைஞராக, ஹஜ் யாத்திரை செய்யும் நோக்குடன் பெற்றோரைப் பிரிந்து தனியாகப் புறப்பட்டார். 1326இல் ஹஜ் கடமை நிறைவேறியபோதும் அவர் ஊர் திரும்பவில்லை. ஈராக், ஈரான், யெமன், கிழக்கு ஆபிரிக்கக் கரை எனப் பயணம் நீண்டது. மார்க்கச் சட்டம் பயின்ற ஒருவருக்கு அக்காலத்து முஸ்லிம் உலகில் எந்த நகரிலும் உணவும் உறைவிடமும் கிடைத்தன என்பது உண்மையே. ஆயினும் மலையும் பனியும் கடலும் எவருடைய கல்வியையும் கேட்பதில்லை.

இன்றைய துருக்கியின் மலைப்பாதைகளில் சென்றபோது கடும் பனிப்பொழிவில் அவரது குழு வழி தவறியது. வழிகாட்டியாக வந்தவன் இடைநடுவில் கைவிட்டுப் போய்விட்டான். இருள் சூழ்ந்துவிட்ட நிலையில், தோழர்களைப் பின்னே நிறுத்திவிட்டு, உதவி தேடி இப்னு பதூதா குதிரையில் தனியே முன் சென்றார். விடியும்வரை வெளியில் நின்றால் அனைவரும் மடிவர் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இறுதியில் ஒரு கட்டடத்தின் கதவைத் தட்டினார். திறந்த முதியவருக்கு அரபு தெரியாது. இவருக்குத் துருக்கி மொழி தெரியாது. நற்பேறாக அது பக்கீர்கள் தங்கும் மடம். அவர்கள் அவரோடு பனிக்குள் சென்று, பின்தங்கியிருந்தோரை மீட்டு வந்தனர்.

ரஷ்யப் புல்வெளிகளின் குளிர்காலத்தில் அவர் மூன்று உரோம அங்கிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்தார். அவற்றின் பாரத்தால் பிறர் தூக்கிவிடாமல் குதிரையேற முடியவில்லை. நெருப்பருகே வெந்நீரில் வுழூச் செய்தபோதும் தாடியில் வழிந்த நீர் அக்கணமே உறைந்தது. 1333இல் இந்துகுஷ் மலைகளைக் கடக்குமுன் பனிக்கு அஞ்சி ஏறத்தாழ நாற்பது நாட்கள் அடிவாரத்தில் காத்திருந்தார். பின்னர் ஒட்டகங்களின் கால்கள் பனியில் புதையாதிருக்க, அவற்றின் முன்னே கம்பளங்களை விரித்து விரித்து நடத்திச் சென்றனர். இந்தியாவிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட அடிமைகள் அக்குளிரில் பெருந்தொகையாக மாண்டதாலேயே, இந்தியரைக் கொல்லும் மலை என்னும் பொருளில் அப்பெயர் வந்தது என்று அவர் கேட்டறிந்து பதிவு செய்தார்.

டில்லியில் சுல்தான் முகம்மது பின் துக்ளக்கின் அவையில் காழியாகச் சில ஆண்டுகள் பணியாற்றிய அவர், 1342இல் சீனப் பேரரசருக்கான தூதராக அனுப்பப்பட்டார். கள்ளிக்கோட்டையில் வீசிய புயல் அப்பணிக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பரிசுப் பொருட்களை ஏற்றிய கப்பல் உடைந்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காகக் கரையில் தங்கியிருந்ததால் அவர் உயிர் தப்பினார். அதன்பின் மாலைதீவுக்குச் சென்று அங்கும் காழியானார். 1344 ஆகஸ்டில் அங்கிருந்து தமிழகக் கரையான மஃபருக்குப் புறப்பட்டபோதுதான் அவரது வாழ்வு நமது நாட்டுடன் இணைந்தது.

மூன்று நாட்களில் முடிய வேண்டிய அப்பயணத்தில் மாலுமி வழி அறியாது தடுமாற, ஒன்பதாம் நாளில் இலங்கை கண்ணுக்குத் தெரிந்தது. கப்பல் தலைவன் கரையை நெருங்க அஞ்சினான். அத்துறைமுகம் ஆரியச் சக்கரவர்த்திக்குரியது என்றும், அவன் கொடியவன், கடற்கொள்ளைக் கப்பல்களை வைத்திருப்பவன் என்றும் வணிகரிடையே பேச்சு இருந்தது. ஆனால் காற்று வலுத்து, கப்பல் மூழ்கும் நிலை வந்தது. இப்னு பதூதா தாமே முதலில் இறங்கி, அரசனிடம் அடைக்கலம் பெற்றுத் தருவதாகக் கூறினார். அவர் இறங்கிய பத்தாலா என்னும் துறையைப் புத்தளம் என்றே ஆய்வாளர் கருதுகின்றனர்.

கொடியவன் எனக் கேள்விப்பட்ட மன்னன் அவரை எழுந்து வரவேற்றான். பாரசீக மொழியை விளங்கிக்கொள்ளக்கூடியவனாக இருந்த அவன், தூரதேசங்களின் செய்திகளை ஆவலுடன் கேட்டான். கப்பலில் இருந்தவர்களையும் அச்சமின்றிக் கரையிறங்கச் செய்து உபசரித்தான். ஒருநாள் மன்னன் முன்னிலையில் முத்துச் சலாபத்திலிருந்து வந்த முத்துகளைத் தரம்பிரித்துக் கொண்டிருந்தனர். பிற்காலத்தில் அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய ஊர்களின் பெயரால் உலகறிந்த மன்னார்க் குடாவின் முத்துகள் அவை. மன்னன் சில முத்துகளைப் பரிசளித்து, வேறென்ன வேண்டும் என்று வினவினான். ஆதம் நபியின் பாதச்சுவட்டைத் தரிசிக்க வேண்டும் என்பதொன்றே அவரது வேண்டுகோளாக இருந்தது.

சைவத் தமிழ் மன்னன் ஒருவன் அவ்வேண்டுகோளை ஏற்ற விதம் கவனிக்கத்தக்கது. சுமந்து செல்வோருடன் ஒரு பல்லக்கு, ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் நான்கு யோகிகள், மூன்று பிராமணர், அரச பரிவாரத்தினர் பத்துப் பேர், உணவுப் பொருட்களைச் சுமக்கப் பதினைந்து பேர் என அவன் துணை அனுப்பினான். முஸ்லிம் ஒருவரின் புனித யாத்திரைக்குப் பிராமணரும் யோகிகளும் வழிகாட்டினர். வழியில் ஓர் ஊரில், நோயுற்றுப் பின்தங்கிவிட்ட குராசான் நாட்டு முஸ்லிம் ஒருவரைக் கண்டனர். அவ்வூரில் இருந்த ஒரேயொரு முஸ்லிம் அவரே. அவரும் இவர்களோடு சேர்ந்துகொண்டார்.

இந்நல்லுறவு எப்போதும் இருந்ததன்று என்பதையும் இப்னு பதூதா மறைக்கவில்லை. முன்னர் இந்நாட்டவர் முஸ்லிம் யாத்திரிகரைத் தடுத்தும் துன்புறுத்தியும் வந்தனர் என்றும், பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஷீராஸ் நகரத்துப் பெரியார் இப்னு கஃபீபின் வருகைக்குப் பின்னரே அவர்கள் முஸ்லிம்களைத் தமது வீடுகளில் ஏற்று, உடனிருந்து உண்ணும் நிலை உருவாயிற்று என்றும் அவர் கேள்விப்பட்டார். பகை ஒரு காலத்தில் இருந்து, பின்னர் மாறக்கூடியது என்பதற்கு அச்செய்தி சான்றாகும்.

தமிழர் சிவனொளிபாதமலை என்றும், முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்றும், சிங்களவர் ஸ்ரீ பாத என்றும் போற்றும் அம்மலை 2,243 மீற்றர் உயரமானது. மார்கழி முதல் வைகாசி வரையே இன்று யாத்திரைக் காலம். ஏனைய மாதங்களில் மழையும் காற்றும் பனிமூட்டமும் உச்சியைச் சூழ்ந்திருக்கும். ஆகஸ்டில் மாலைதீவை விட்ட அவர் மலையேறியது இப்பருவத்தில் அன்று. அட்டைக்கடிக்கு எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தவாறு காட்டைக் கடந்தனர். பாறையில் பொருத்தப்பட்ட பத்துச் சங்கிலிகளைப் பற்றி ஏறவேண்டியிருந்தது. பத்தாவதற்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அங்கிருந்து கீழே நோக்குபவர் விழுந்துவிடுவோமோ என்றஞ்சிக் கலிமா சொல்வதால் வந்த பெயர் அது. அதற்கப்பால் கிழ்ர் நபியின் பெயரால் வழங்கிய குகையில் உடைமைகளை வைத்துவிட்டு, யாத்திரிகர் மூன்று நாட்கள் தங்கி, காலையும் மாலையும் உச்சிக்குச் சென்று பாதச்சுவட்டைத் தரிசிப்பது வழக்கம். இப்னு பதூதாவும் அவ்வாறே செய்தார். மேகங்கள் காலடிக்குக் கீழே நின்று மலையின் அடிவாரத்தை மறைத்ததை அவர் அங்கு கண்டார். அந்த மலைமீது சைவ யோகியும் முஸ்லிம் அறிஞரும் ஒரே பாதச்சுவட்டைத் தத்தம் நம்பிக்கையின்படி வணங்கினர். வழக்கு எதுவும் எழவில்லை.

தேவேந்திரமுனை, காலி, கொழும்பு வழியாகப் புத்தளம் திரும்பி, தமக்காகக் காத்திருந்த கப்பலில் மீண்டும் மஃபர் நோக்கிப் புறப்பட்டார். காற்று சீறியது, கப்பலுள் நீர் புகுந்தது, தேர்ந்த மாலுமியும் இல்லை. பாறைகளுக்கருகில் சென்று தப்பிய கப்பல் ஆழமற்ற நீரில் தரைதட்டியது. பாய்மரத்தை வெட்டிக் கடலில் வீழ்த்தி, தெப்பம் கட்டினர். தம்முடன் வந்த தோழர்களையும் பெண்களையும் முதலில் அனுப்பிவிட்டு அவர் கப்பலிலேயே தங்கினார். மேலும் தெப்பங்கள் கட்டி முடியுமுன் இருட்டிவிட்டது. நீர் ஏற ஏற, கப்பலின் பின்புற மேற்தளத்தில் ஒதுங்கி விடியும்வரை அங்கேயே கிடந்தார். காலையில் அக்கரையைச் சேர்ந்த, முஸ்லிம் அல்லாத சிலர் படகொன்றில் வந்து அவர்களை மீட்டுக் கரைசேர்த்தனர். அவர்களது பெயர்களை வரலாறு பதியவில்லை.

அங்கிருந்து மதுரை சுல்தான் கியாதுத்தீனின் பாசறையை அடைந்தார். சுல்தான் அவருக்கு உறவினன், ஒரே மார்க்கத்தவன். ஆயினும் சிறைப்பிடித்த இந்துக்களைக் கழுவேற்றியும், பெண்களையும் குழந்தைகளையும் கொன்றும் அவன் புரிந்த கொடுமைகளைக் கண்டபோது, அவை வேறெந்த அரசனிடமும் தாம் காணாத இழிசெயல்கள் என இப்னு பதூதா கண்டித்துப் பதிவு செய்தார். தன் இனத்தவன் செய்த அநீதியை அநீதி என்றே எழுதிய நேர்மை அது.

குறைகளற்ற மனிதராக அவரைக் காட்ட நாம் முற்படவில்லை. அடிமைகளை உடைமையாக வைத்திருந்தார். பிற சமயத்தவரைக் காபிர் என்றே எழுதினார். பல ஆண்டுகளுக்குப் பின் நினைவிலிருந்து சொல்லியதால் அவரது நூலில் இடங்களும் காலங்களும் சிலவிடத்துக் குழம்பியுள்ளன. இவையனைத்தையும் கழித்த பின்னரும், உதவிய கையை மறவாது சொன்ன ஒரு சாட்சி எஞ்சி நிற்கிறார்.

1349இல் அவர் தாயகம் திரும்பியபோது, பெருங்கொள்ளை நோயில் தாய் சில மாதங்களுக்கு முன்பே இறந்திருந்தார். பின்னர் மாலி நாட்டுக்குச் சென்று சகாராப் பாலைவனத்தைக் கடந்து மீண்டவர், 1353 இறுதியில் அட்லஸ் மலைகளின் பனியில் நடந்தார். புகாராவிலும் சமர்க்கந்திலும் பெரும்பனியைக் கண்டிருந்தும், அதைவிடக் கடினமான பாதையைத் தாம் கண்டதில்லை என்பது அவரது முடிவு. சுல்தான் அபூ இனானின் கட்டளைப்படி அவர் சொல்ல, இப்னு ஜுஸை எழுத, 1355 டிசம்பரில் அவரது பயண நூல் நிறைவெய்தியது. 1368 அல்லது 1369இல் காழியாகப் பணியாற்றியவாறே அவர் காலமானார்.

இவ்வரலாற்றை இன்று நாம் நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் எழுபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் படகுகளில் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். இப்னு பதூதாவுக்கு அடைக்கலம் அளித்த அதே புத்தளப் பகுதியே அவர்களுக்கும் இடமளித்தது. அதே மன்னார்க் கரையிலிருந்து போருக்கு அஞ்சிப் படகேறிய தமிழ் அகதிகளில் பலர், தனுஷ்கோடிக்கு அண்மையிலுள்ள மணல் திட்டுகளில் நள்ளிரவில் இறக்கிவிடப்பட்டு, விடியும்வரை குழந்தைகளோடு காத்துக் கிடந்து மீட்கப்பட்டனர். ஒரே கடல் இரு சமூகங்களையும் அகதிகளாக்கியது.

2009இல் போர் முடிந்தபின் முசலியிலும் எருக்கலம்பிட்டியிலும் ஒரு பகுதியினர் மீளக் குடியேறியுள்ளனர். காணி, வீடு, தொழில் ஆகியவை பற்றிய பிணக்குகள் தீராமல் தொடர்கின்றன. அவற்றை அரசும் சட்டமும் தீர்க்க வேண்டும். ஆனால் அயலவனை வரவேற்பதா, அஞ்சுவதா என்பதை அரசு தீர்மானிக்க முடியாது. தமிழர் தரப்பு 1990இன் அநீதியை அநீதி என்று ஒளிவின்றி ஏற்பதும், முஸ்லிம் தரப்பு அதனைத் தமிழ் மக்கள் அனைவரது பழியாகக் கொள்ளாதிருப்பதும் இதன் முதற்படியாகும். கடலில் தத்தளித்தவரின் மார்க்கத்தைக் கேளாமல் படகைச் செலுத்திய பெயரறியாத அம்மக்கள் வாழ்ந்த கடலோரமே நமதும். அவர்களுக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை, அடுத்த ஊரவர் திரும்பி வரும்போது கதவைத் திறந்து வைப்பதேயாகும்.