பள்ளிக்கு வந்த செவிலித் தாய்

நோயற்ற வாழ்வே செல்வம் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அந்தச் செல்வத்தை ஏழைக் குழந்தையின் வீட்டுக்கு யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று சிந்தித்தவர்கள் மிகச் சிலரே. செவிலியர் என்றதும் விளக்கேந்திய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்தாம் நம் நினைவுக்கு வருவார். அவரைப் போலவே செவிலியர் உலகம் போற்றும் மற்றொரு மாதரசி, அமெரிக்க நாட்டு லிலியன் வால்ட். செவிலியரை மருத்துவமனைக்கு வெளியே, ஏழையரின் தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அழைத்துச் சென்ற அவருடைய வாழ்வைப் பற்றி இங்கு எழுத விழைகிறேன்.

லிலியன் வால்ட் 1867ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் ஒகையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில், வசதி படைத்த யூதக் குடும்பத்தில் பிறந்தார். ராச்செஸ்டர் நகரில் வளர்ந்தார். பதினாறாம் வயதில் வாஸர் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது, வயது போதாது என்று மறுத்துவிட்டார்கள். பின்னர் நியூயார்க் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி பெற்று 1891இல் தேர்ந்தார். மருத்துவராகும் ஆவலோடு பெண்கள் மருத்துவக் கல்லூரியிலும் சேர்ந்தார்.

1893இல் நியூயார்க்கின் கீழைப் பகுதியில், பிற நாடுகளிலிருந்து குடியேறிய ஏழைப் பெண்களுக்கு வீட்டு மருத்துவம் கற்பித்துவந்தார். ஒரு நாள் ஒரு சிறுமி ஓடிவந்து, பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும் தன் தாயைப் பார்க்க வருமாறு அழைத்தாள். லிலியன் போய்ப் பார்த்தார். இரண்டே அறைகள், அவற்றில் ஏழு பேர் கொண்ட குடும்பம். போதாக்குறைக்கு ஒண்டுக்குடித்தனமாக வேற்றாட்கள். உதிரப்போக்கால் சோர்ந்து அழுக்குப் படுக்கையில் கிடந்தாள் அந்தத் தாய். அன்றோடு லிலியன் மருத்துவக் கல்லூரியை விட்டார். தோழி மேரி புரூஸ்டருடன் அந்த ஏழையர் நடுவிலேயே குடியேறினார். வங்கியாளர் ஜேக்கப் ஷிஃப் உதவ, 1895இல் ஹென்றி தெரு 265ஆம் எண் வீட்டில் அவர்களது சேவை இல்லம் அமைந்தது.

அங்கே அவர் கண்ட சிறுவன் ஒருவனின் கதை என் மனத்தை மிகவும் தொட்டது. அவனுக்கு வயது பன்னிரண்டு. தாய், இறைச்சிக் கடைக்காரர்களின் மேலங்கிகளைத் துவைத்துப் பிழைப்பவள். தலையில் புண் இருந்ததால் பள்ளிக்குப் போகும்போதெல்லாம் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இலவச மருந்தகத்தில் களிம்பு கொடுத்திருந்தார்கள். அதை எப்படித் தடவுவது என்று சொல்லித்தர யாரும் இல்லை. லிலியன் அதை முறையாகத் தடவிக் குணப்படுத்தி, செப்டம்பரில் அவனைப் பள்ளியில் சேர்த்தார். மறுநாள் நண்பகல் இடைவேளையில், காலையில் கற்ற சொற்களை எழுத்துக்கூட்டிச் சொல்லிக் காட்ட, அவன் ஐந்து மாடி ஏறி ஓடிவந்தானாம். பன்னிரண்டு வயதுவரை அவனைக் கல்வியிலிருந்து பிரித்து வைத்திருந்தது ஒரு சிறு களிம்புப் பூச்சுத்தான் என்பதை எண்ணும்போது என் நெஞ்சு கனக்கிறது.

அவன் ஒருவன் கதை மட்டுமன்று அது. நியூயார்க் பள்ளிகளில் 1897 முதல் மருத்துவர்கள் மாணவர்களைச் சோதித்து வந்தனர். டிரக்கோமா என்னும் கண்ணோய், படர்தாமரை, சிரங்கு, பேன் ஆகியவை கண்ட பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினர். மற்றப் பிள்ளைகளுக்குத் தொற்றாமல் காக்க அது தேவையே. ஆனால் வீட்டுக்குப் போன பிள்ளைக்கு மருந்திட ஆளில்லை. தாய்க்கு ஆங்கிலம் தெரியாது. கையில் கொடுத்த சீட்டும் புரியாது. பிள்ளை தெருவில், பள்ளித் தோழர்களோடேயே விளையாடியது. நோயும் தீரவில்லை, படிப்பும் போயிற்று. 1902 செப்டம்பர் மாதத்தில் மட்டும் இவ்வாறு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் 10,567 பேர்.

லண்டன் பள்ளிகளில் செவிலியர் பணி ஏற்கெனவே தொடங்கியிருந்தது. லிலியன் தம் நகர அதிகாரிகளிடம் ஒரு யோசனை கூறினார். ஒரு மாதத்துக்கு ஒரு செவிலியைச் செலவின்றித் தருகிறேன். பயன் தெரிந்தால் பிறகு நகரமே ஊதியம் தரவேண்டும் என்றார். கனடாவில் பிறந்த லினா ராஜர்ஸ் அம்மையார் 1902 அக்டோபரில் பணியைத் தொடங்கினார். நான்கு பள்ளிகள், ஏறத்தாழ 10,000 பிள்ளைகள், செவிலி ஒருவரே. அவர் ஒவ்வொரு பள்ளிக்கும் சென்று கண்ணைக் கழுவி, படர்தாமரைக்கு மருந்திட்டு, புண்ணுக்குக் கட்டுப்போட்டுப் பிள்ளைகளை வகுப்புக்கே திருப்பி அனுப்பினார். பள்ளி முடிந்தபின், விலக்கப்பட்ட பிள்ளைகளின் வீடு தேடிச் சென்று தாய்மாருக்குச் செய்முறை காட்டினார்.

சோதனை வெற்றி பெற்றது. நகர நிர்வாகம் 30,000 டாலர் ஒதுக்கிப் பயிற்சி பெற்ற செவிலியரை அமர்த்தியது. 1903 செப்டம்பரில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் தொகை 1,101ஆகக் குறைந்தது. நோயைக் கண்டுபிடிக்க மருத்துவர் முன்பே இருந்தார். குழந்தையின் கையைப் பிடித்து வீடுவரை நடக்க ஓர் ஆள் வந்ததே புதிது. இதுவே லிலியன் வால்ட் உலகுக்குக் காட்டிய உண்மை என்று நான் கருதுகிறேன். லினா ராஜர்ஸ் பின்னர் 1910இல் டொராண்டோ நகரப் பள்ளிகளிலும் இப்பணியைத் தொடங்கி வைத்தார்.

லிலியன் அத்துடன் ஓயவில்லை. பள்ளியில் மதிய உணவுக்காகவும், வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குத் தனி வகுப்புகளுக்காகவும், குழந்தைத் தொழிலாளர் முறை ஒழியவும் பாடுபட்டார். அவரும் தோழியர் சிலரும் விடாமல் வலியுறுத்தியதன் பயனாக 1912இல் அமெரிக்க அரசு குழந்தைகள் நலனுக்கெனத் தனித்துறை நிறுவியது. திருமணம் செய்துகொள்ளாமல் தொண்டிலேயே வாழ்ந்த அம்மையார் 1940 செப்டம்பர் 1ஆம் நாள் மறைந்தார். ஹென்றி தெரு இல்லம் இன்றும் தொண்டாற்றி வருகிறது.

இக்கல்லூரியில் பயிலும் நம்முள் பலர் நாளை ஆசிரியர்களாகப் போகிறவர்கள். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு எதிரே நாள்தோறும் வராதவர் என்று குறிப்பது எளிது. அந்தப் பிள்ளை ஏன் வரவில்லை என்று அதன் வீட்டு வாசல்வரை போய்க் கேட்பதுதான் கடினம். அப்படிக் கேட்கும் ஆசிரியர், லிலியன் வால்ட் அம்மையாரின் வழியில் நடப்பவரே ஆவார்.