போர்க் குதிரைகளைத் தேடி மீட்ட டாரத்தி புரூக்: கெய்ரோவில் தொடங்கிய கருணைப் பணி

முதல் உலகப் போரில் உழைத்து, பின்னர் எகிப்தில் விற்கப்பட்ட குதிரைகளைத் தேடி மீட்டவர் பிரிட்டனைச் சேர்ந்த டாரத்தி புரூக். 1934-ஆம் ஆண்டில் கெய்ரோவில் அவர் நிறுவிய இலவச மருத்துவமனையே, இன்று இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் உழைக்கும் குதிரைகள், கழுதைகளின் நலனுக்காகப் பாடுபடும் 'புரூக்' அமைப்பின் தொடக்கமாகும்.

1883-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் தேதி பிறந்த டாரத்தி, குதிரைப்படை அதிகாரியான கணவர் ஜெஃப்ரி புரூக்குடன் 1930-ஆம் ஆண்டில் கெய்ரோ சென்றார். போர் முடிந்து 12 ஆண்டுகள் கடந்திருந்தன. நகரில் பாரம் இழுத்துத் தளர்ந்து, எலும்பும் தோலுமாகத் திரிந்த குதிரைகள் சிலவற்றின் உடலில் பிரிட்டிஷ் ராணுவத்தின் அம்புக்குறிச் சூடு இருப்பதை அவர் கண்டார்.

பாலஸ்தீனப் போர்முனையில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, இந்தியக் குதிரைப்படைகள் போரிட்டிருந்தன. ஆனால், வெற்றிக்குப் பின் குதிரைகளைக் கப்பலில் திருப்பி அனுப்புவது பெருஞ்செலவாகக் கருதப்பட்டது. விலங்குகள் மூலம் நோய் பரவுவதைத் தடுக்கும் கட்டுப்பாடுகளும் குறுக்கே நின்றன. ஆஸ்திரேலியாவிலிருந்து போருக்கு அனுப்பப்பட்ட 1,30,000-க்கும் மேற்பட்ட குதிரைகளில் தாயகம் திரும்பியது ஒன்றே ஒன்றுதான். எகிப்தில் இருந்தவற்றில் ஆயிரக்கணக்கானவை உள்ளூரிலேயே விற்கப்பட்டன.

1931-ஆம் ஆண்டில் லண்டனிலிருந்து வெளிவந்த 'மார்னிங் போஸ்ட்' நாளிதழுக்கு டாரத்தி கடிதம் எழுதி, இக்குதிரைகளின் நிலையை விவரித்து நிதியுதவி கோரினார். வாசகர்கள் வாரி வழங்கினர். அந்த நிதியைக் கொண்டு, அடுத்த மூன்று ஆண்டுகளில் சுமார் 5,000 குதிரைகளை அவர் விலைக்கு வாங்கினார்.

எனினும், அவற்றில் பெரும்பாலானவை முதுமையாலும் தீராத காயங்களாலும் மீள முடியாத நிலையில் இருந்தன. அத்தகைய குதிரைகளுக்கு வயிறார உணவும் ஓய்வும் அளித்து, பின்னர் வலியின்றி உயிர் பிரியச் செய்வதே அவரால் இயன்ற உதவியாக இருந்தது. மனத்தை வருத்தும் அம்முடிவை அவர் தட்டிக்கழிக்கவில்லை.

குதிரைகளை விற்க வந்தவர்களை அவர் கொடியவர்களாகக் கருதவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அவர்களுள் பலர், அந்த ஒரே விலங்கின் உழைப்பை நம்பிக் குடும்பம் நடத்திய ஏழைகள். குதிரை ஒரு நாள் ஓய்ந்தாலும் வீட்டில் அடுப்பு எரியாது. மருத்துவம் பார்க்கவோ கையில் பணமில்லை. எனவே, போர்க் குதிரைகளை மீட்பதோடு நின்றுவிட்டால் துன்பம் தீராது என்பதை டாரத்தி உணர்ந்தார்.

அதன் விளைவாகவே, 1934-ஆம் ஆண்டில் 'முதிய போர்க் குதிரை நினைவு மருத்துவமனை' உருவானது. போரில் பங்கேற்றவை மட்டுமன்றி, கெய்ரோவில் உழைக்கும் குதிரைகள், கழுதைகள் அனைத்துக்கும் அங்கு கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கப்பட்டது. விலங்கு நலமடைந்தால் அதன் உரிமையாளரின் பிழைப்பும் நிலைக்கும் என்பதே அம்முயற்சியின் அடிப்படை.

1955-ஆம் ஆண்டு ஜூன் மாதம், தமது 72-ஆவது வயதில் டாரத்தி கெய்ரோவில் காலமானார். அவர் தொடங்கிய பணி நிற்கவில்லை. இந்தியாவில் செங்கல் சூளைகளில் பாரம் இழுக்கும் குதிரைகள், கோவேறு கழுதைகளின் நலனுக்காகவும் அவர் பெயரிலான அமைப்பு செயல்பட்டு வருகிறது. விலங்குகளின் உரிமையாளர்களையும் இப்பணியில் பங்காளிகளாக்கும் அதன் அணுகுமுறை, கெய்ரோவில் டாரத்தி கண்டுகொண்ட உண்மையின் நீட்சியாகும்.