ஃபார்வர்டாக வந்தவர் கோல்கீப்பர் ஆன கதை: யார் இந்த பீட்டர் தங்கராஜ்?

ராஜபாளையமோ ஸ்ரீவில்லிபுத்தூரோ, கிரவுண்டுல பசங்க டீம் பிரிச்சா கோல் போஸ்ட்ல நிக்க மட்டும் யாரும் முன்வர மாட்டாங்க. பீட்டர் தங்கராஜும் முதலில் சென்டர் ஃபார்வர்டுதான்.

1935-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். செகந்திராபாத் கிளப்களில் ஆடிவிட்டு ராணுவத்தில் சேர்ந்தார். 1953 முதல் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணி. குன்னூர் பக்கத்துல இருக்கிற வெலிங்டன்தான் அதன் ஊர். அங்கே ஆடும்போதுதான் கோல்கீப்பராக மாறினார். அந்த சின்ன மலையூர் டீம் 1955, 1958 என இரண்டு முறை டூரண்ட் கோப்பையைத் தூக்கியது!

மெல்போர்ன், ரோம் என இரண்டு ஒலிம்பிக் அணிகளிலும் இடம்பிடித்தார்.

பெரிய சோதனை 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வந்தது. காய்ச்சலில் படுத்ததால் முந்தைய ஆட்டங்களில் பிரத்யுத் பர்மன் கீப்பராக நின்றார். இறுதிப்போட்டியில் எதிரணி தென்கொரியா. இஸ்ரேல், தைவானைச் சேர்க்காததை இந்திய அதிகாரி ஒருவர் விமர்சித்திருந்ததால், மைதானமே இந்தியாவுக்கு எதிராகக் கத்தியது. பயிற்சியாளர் ரஹீம் துணிந்து தங்கராஜை இறக்கினார். 2-1, தங்கம். கோல் அடித்த பி.கே. பானர்ஜி, ஜர்னைல் சிங் பெயர்தான் இன்னும் அதிகம் பேசப்படுது. ஆசிய விளையாட்டு கால்பந்தில் அதற்குப்பிறகு இந்தியாவுக்குத் தங்கமே இல்லை.

1967-ல் அர்ஜுனா விருது. பின்னாளில் பயிற்சியாளராக இருந்தவர், 2008-ல் பொகாரோவில் காலமானார்.